ஒரே வறட்சி, இரண்டு கணக்கு: சின்னப் பெண்களுக்கு ஏன் கல்யாணம் நடக்கிறது?

மழை பொய்த்துப்போன ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம். காட்டில் விளைச்சல் இல்லை, கடன்காரன் வாசலில் நிற்கிறான், வீட்டில் 14 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மற்ற வருஷங்களைவிட அந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நடக்கும் வாய்ப்பு கூடுமா, குறையுமா? யாரைக் கேட்டாலும் "கூடும், வறுமைதானே காரணம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், லூசியா கோர்னோ, நிக்கோல் ஹில்டெப்ராண்ட், அலெஸ்ஸாந்த்ரா வோயெனா என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கும் வரை. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் வறட்சி வந்தால், 18 வயது ஆகாத பெண்ணுக்கு அந்த ஆண்டில் திருமணம் ஆகும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம் கூடுகிறது. இந்தியாவிலும் அதே வறட்சி, அதே கஷ்டம், ஆனால் வாய்ப்பு சுமார் 4 சதவீதம் குறைகிறது.

தெரிந்த பிறகு பார்த்தால் காரணம் ரொம்ப எளிது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள், மாடாகவோ ஆடாகவோ பணமாகவோ. இங்கே பெண் வீட்டார் கொடுக்கிறார்கள். கையில் ஒன்றும் இல்லாத வருஷத்தில் முதலாவது வரவு, இரண்டாவது செலவு. வரவைச் சீக்கிரம் வாங்கிக்கொள்கிறார்கள், செலவைத் தள்ளிப்போடுகிறார்கள், அவ்வளவுதான். நமக்கும் இது அந்நியமான கணக்கு இல்லை. 'பரிசம் போடுவது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பரிசம் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுத்ததுதான். தமிழ்நாட்டில் பல சாதிகளில் இரண்டு மூன்று தலைமுறைக்குள் பணம் போகும் திசை தலைகீழாகிவிட்டது, சொல் மட்டும் மிச்சம் இருக்கிறது.

இதைப் படித்ததிலிருந்து 'வறுமை, அறியாமை, மூடப்பழக்கம்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடும் விளக்கங்கள் எனக்கு ஒட்டுவதே இல்லை. பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்காத, அவளுக்குப் பெரும்பாலும் கொடுமையாகவே முடிகிற கணக்குதான் அது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் அந்தக் கணக்கில் என்னென்ன வரி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல், பிரசுரம் கொடுத்து ஊர்வலம் விட்டால் எதுவும் மாறப்போவதில்லை.

எண்களை ஒரு தடவை பார்த்துவிடலாம். யூனிசெஃப் 2023இல் சொன்ன கணக்குப்படி, 18 வயதுக்கு முன்பே மணம் முடித்துவைக்கப்பட்டு இன்று உயிரோடு இருக்கும் பெண்கள் சுமார் 64 கோடி பேர். வருஷத்துக்கு சுமார் 1.2 கோடிப் பெண்கள் புதிதாகச் சேர்கிறார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். விகிதமாகப் பார்த்தால் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர்தான் முதலிடம்: நான்கில் மூன்று பெண்களுக்கு 18க்கு முன்பே திருமணம், நான்கில் ஒருத்திக்கும் மேல் 15க்கு முன்பே. வங்காளதேசத்தில் ஏறத்தாழ பாதிப் பேர். இந்தியாவில் 2005-06 குடும்பநல ஆய்வில் 47 சதவீதமாக இருந்தது, 2015-16இல் 27ஆகி, 2019-21இல் 23க்கு வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த விகிதங்கள் எல்லாம் 20 முதல் 24 வயது வரை உள்ள பெண்களிடம் "உங்களுக்கு எந்த வயதில் கல்யாணம் ஆனது" என்று கேட்டு எடுப்பவை. ஆக, போன வருஷம் கட்டிக்கொடுக்கப்பட்ட 14 வயதுப் பெண் இந்தக் கணக்கில் வந்து சேர இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும். இன்றைய எண் என்று செய்தியில் வருவது உண்மையில் சில வருஷம் முந்தைய ஊரின் படம்.

சரி, வரதட்சணைக் கணக்குக்குத் திரும்புவோம், ஏனென்றால் அது மேலே சொன்னதைவிடச் சிக்கலானது. வறட்சி வருஷத்தில் பணம் இல்லாததால் கல்யாணம் தள்ளிப்போகும் என்றால், ஏழைக் குடும்பங்களில் கல்யாணம் தாமதமாகத்தானே நடக்க வேண்டும்? நடப்பதில்லையே. காரணம், பெண்ணின் வயது ஏற ஏற வரதட்சணையும் ஏறுகிறது. வங்காளதேசத்திலும் பீகாரிலும் இதைச் சந்தை விலை மாதிரி எல்லோருக்கும் தெரியும். 14 வயதுப் பெண்ணுக்குக் கேட்பது ஒரு தொகை, 19 வயதுப் பெண்ணுக்குக் கேட்பது வேறு தொகை. வயது ஏறினால் "ஏன் இவ்வளவு நாள் யாரும் கட்டவில்லை, ஏதாவது குறையா, ஏதாவது பேச்சு இருந்ததா" என்ற கேள்வி கூடவே வருகிறது, அந்தக் கேள்விக்கும் சேர்த்து அப்பா பணம் வைக்க வேண்டும். படிப்பு இதில் இன்னொரு முடிச்சு. பெண் படிக்கப் படிக்க அவளைவிட ஒரு படி கூடுதலாகப் படித்த மாப்பிள்ளையைத் தேட வேண்டும் என்பது எழுதாத விதி. பெண் பத்தாவது என்றால் மாப்பிள்ளை டிப்ளமோவாவது இருக்க வேண்டும், பெண் டிகிரி என்றால் மாப்பிள்ளை இன்ஜினியர், அவன் விலை வேறு. ஒரு கூலித் தொழிலாளி இதைப் பார்க்கும்போது, மகளைப் படிக்க வைப்பது என்பது இன்று ஒரு செலவு, நாளைக்கு அதைவிடப் பெரிய செலவு. இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது.

அதனால்தான் வங்காளதேசம் எல்லோரையும் குழப்புகிறது. 1994லிருந்து அங்கே கிராமத்துப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை உண்டு, அதுவும் கல்யாணம் ஆகாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உயர்நிலைப் பள்ளிகளில் இன்று பையன்களைவிடப் பெண்கள் அதிகம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருக்கின்றன, தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் திருமணம் தள்ளிப்போயிருப்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தனைக்குப் பிறகும் பாதிப் பெண்களுக்கு 18க்கு முன்பே கல்யாணம். பள்ளியில் சேர்த்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு அந்த நாடு பதில் சொல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு மாவட்டத்தைப் பார்க்கலாம், எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் தெளிவாகப் புரிந்த இடம் அது. மகாராஷ்டிரத்தில் மராத்வாடா பகுதியில் பீட் மாவட்டம். மழை குறைவு, பாசனம் குறைவு. தீபாவளி சமயத்தில் அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் கிளம்பிப் போவார்கள், ஐந்தாறு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். ஆள் பிடிக்கும் முகாதம் கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று பேசுவதில்லை, ஜோடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'கோய்தா'. மராத்தியில் கோய்தா என்றால் அரிவாள். அதாவது கல்யாணமான ஒரு ஜோடிதான் ஒரு அரிவாள். அவன் வெட்டுவான், அவள் கட்டுவாள், தலையில் தூக்கி வண்டியில் ஏற்றுவாள். முன்பணமும் அந்த ஜோடிக்குத்தான். தனி ஆளுக்கு வேலை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் காசு குறைவு.

இப்போது அந்த ஊரில் 19 வயதுப் பையன் இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தால் அந்த வீட்டுக்கு ஒரு கோய்தா கூடுகிறது, ஒரு முன்பணம் கூடுகிறது, பழைய கடன் கொஞ்சம் அடைபடுகிறது. பெண் இருக்கும் வீட்டிலோ அப்பாவும் அம்மாவும் அரை வருஷம் ஊரில் இருக்கமாட்டார்கள். 13 வயது மகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? தாத்தா பாட்டியிடம் விட்டால் பயம், கூடவே கூட்டிக்கொண்டு போனால் கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில் கதவில்லாத கூடாரத்தில் அதைவிடப் பெரிய பயம், பள்ளிக்கூடம் போனது போனதுதான். ஆகவே கரும்பு வெட்டும் பருவம் தொடங்குவதற்கு முன்பே அவளைக் கட்டிக்கொடுத்து, கட்டிய இடத்திலிருந்து அவளும் கரும்பு வெட்டப் போகிறாள். 2019-21 ஆய்வில் பீட் மாவட்டத்து விகிதம் 40 சதவீதத்துக்கும் மேல், இந்திய சராசரியைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இங்கே கல்யாணத்தை நடத்தி வைப்பது புரோகிதர் என்று எழுதுவதைவிட, கூலியை ஜோடிக்கணக்கில் பேசும் சர்க்கரைத் தொழில் என்று எழுதினால் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கும். நாம் காபியில் போடும் சர்க்கரை, வேறென்ன.

ராஜஸ்தானில் கணக்கு இன்னொரு மாதிரி. அங்கே சில சமூகங்களில் 'ஆட்டா சாட்டா' என்று ஒரு வழக்கம், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. உன் மகளை என் மகனுக்குக் கொடு, என் மகளை உன் மகனுக்குக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் வரதட்சணை மிச்சம். ஆனால் அண்ணனுக்கு 21 வயதில் பெண் எடுக்க வேண்டும் என்றால் 11 வயதுத் தங்கையை அந்தப் பக்கம் கொடுத்தாக வேண்டும், அவள் வயது யாருக்கும் தடையாகத் தெரிவதில்லை. கூடவே பந்தல் செலவு. அக்காவுக்குக் கல்யாணம் என்றால் ஒரே பந்தலில் தங்கைகளுக்கும் முடித்துவிடுவது, வீட்டில் பெரியவர் இறந்து ஊருக்கே சாவுச் சோறு போடும்போது அந்தக் கூட்டத்தை வைத்தே பிள்ளைகள் கல்யாணத்தையும் நடத்திவிடுவது, இதெல்லாம் சமையல்காரர் கூலியும் சாப்பாட்டுச் செலவும் மிச்சப்படுத்தும் ஏற்பாடு. அட்சய திருதியை நாள் நமக்கு நகைக்கடை விளம்பரம், அங்கே அது பிள்ளைக் கல்யாணங்கள் நடக்கும் நாள். சிறுமியை உடனே புகுந்த வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், வயதுக்கு வந்த பிறகு 'கௌனா' என்று தனிச் சடங்கு வைத்து அனுப்புவார்கள். இங்கே முன்னேற்றமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: 2005-06இல் 65 சதவீதமாக இருந்த ராஜஸ்தான் 2019-21இல் 25க்கு வந்துவிட்டது.

ராஜஸ்தானைப் பற்றிப் பேசும்போது பன்வாரி தேவியை விட்டுவிட முடியாது. பட்டேரி கிராமத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' என்ற கிராமப் பணியாளராக இருந்தவர். 1992இல், பிறந்து ஒன்பது மாதமே ஆன ஒரு பெண் குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் பார்த்தார். அதற்காக அவரைக் கூட்டாக வன்புணர்வு செய்தார்கள். 1995இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அந்த வழக்கைத் தொட்டுப் போடப்பட்ட மனுவில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. குழந்தைத் திருமணத்தைப் பற்றி யாருமே ஏன் தகவல் சொல்வதில்லை என்று அதிகாரிகள் ஆச்சரியப்படும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பவர் பெயரை ரகசியமாக வைத்திருப்பார்கள், சரி. ஆனால் 60 வீடு உள்ள ஊரில் யார் அழைத்தார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

இதுவரை பணம். அப்புறம் பயம். பல ஊர்களில் அந்தக் கணக்கில் பணத்தைவிட இதுதான் பெரிய பகுதி என்று நான் நினைக்கிறேன். "வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கும் அம்மா சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் பாட்டி அவள் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "காலாகாலத்துல முடிச்சுட்டாங்க" என்பாள், அவளுக்கு அப்போது 13 வயது. அந்தக் 'காலாகாலம்' என்பது பூப்பெய்தும் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும் காலம். நைஜரில் ஒரு அம்மாவிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான்: கல்யாணத்துக்கு முன்பு பெண் கருவுற்றுவிட்டால் குடும்பத்தின் பெயர் போய்விடும், அதற்கு முன்பே ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டும். அங்கே கிராமத்தில் தொடக்கப் பள்ளி முடிந்ததும் பெரும்பாலான பெண்களுக்கு அடுத்த பள்ளி நடக்கும் தூரத்தில் இல்லை, வேலையும் இல்லை. 12 வயதுப் பெண் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றால், அவளுக்கென்று அந்த ஊர் வைத்திருக்கும் அடுத்த படி கல்யாணம் ஒன்றுதான். நைஜரின் சிவில் சட்டத்திலேயே பெண்ணுக்குத் திருமண வயது 15தான்.

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்கு இன்னொரு பெயர் உண்டு, காதல். இன்னும் நேராகச் சொன்னால் சாதி. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 12.8 சதவீதம், இந்திய அளவில் பாதிதான், இருந்தாலும் கேரளத்தின் ஆறு சதவீதத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்கு. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், தேனி, திண்டுக்கல் பக்கம் இதில் வேலை செய்பவர்களிடம் பேசினால் வறுமை என்ற சொல்லைவிட 'செல்போன்' என்ற சொல்தான் அதிகம் வரும். மகள் யாருடனோ பேசுகிறாள் என்று தெரிந்த அடுத்த வாரமே தாய்மாமனுக்கோ முறைப்பையனுக்கோ கட்டிவைத்துவிடுகிறார்கள். பையன் சொந்தத்தில் இருக்கும்போது ஜாதகமும் விசாரணையும் தேவையில்லை, கோவிலில் வைத்து விடியற்காலையில் முடித்துவிடலாம். இன்னொரு பக்கம் இந்தப் பயமே பெண்ணைத் துரத்துகிறது: வீட்டில் கட்டிவைத்துவிடுவார்கள் என்று பயந்து 16 வயதிலேயே பிடித்தவனோடு கிளம்பிவிடும் பெண்களும் உண்டு, அதுவும் கணக்கில் குழந்தைத் திருமணம்தான். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரே மருந்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பயம் உச்சத்துக்குப் போகும் இடம் போர். சிரியாவிலிருந்து ஜோர்டானுக்குத் தப்பி வந்தவர்களிடையே பதிவான திருமணங்களில் 18 வயது ஆகாத மணப்பெண்கள் 2011இல் சுமார் 12 சதவீதம், 2014 தொடக்கத்தில் ஏறத்தாழ 32 சதவீதம். முகாமில் மகளைக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு ஆண் கையில் கொடுத்தால் அவனாவது காப்பாற்றுவான் என்ற எண்ணம். நமக்கு இன்னும் கிட்டத்தில், 2006க்குப் பிறகு இலங்கையின் வன்னியில் நடந்ததும் இதுதான். விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு நடந்த நேரத்தில் மணமானவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கே அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தன. போர் முடிந்த பிறகு அவற்றில் பல உடைந்துபோய், கையில் குழந்தையோடு நின்றவர்கள் இருபது வயதுகூட நிரம்பாத பெண்கள். அந்தப் பெற்றோரைப் பார்த்து விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொல்லிவிட முடியுமா?

சட்டம் எங்கே போனது என்று கேட்பீர்கள். சட்டம் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் இருக்கிறது, கூடவே ஒரு பின்வாசலும் இருக்கிறது. இந்தோனேசியா 2019இல் பெண்ணின் திருமண வயதை 16லிருந்து 19ஆக உயர்த்தியது, ஆனால் நீதிமன்றத்தில் விலக்குக் கேட்கலாம் என்ற வழியை மூடவில்லை. அந்த ஆண்டு சுமார் 23,000ஆக இருந்த விலக்கு வழக்குகள் அடுத்த ஆண்டு 64,000ஐத் தாண்டின. வங்காளதேசம் 2017இல் புதுச் சட்டம் போட்டது, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. ஆனால் 19ஆம் பிரிவில் 'சிறப்புச் சூழ்நிலையில்' நீதிமன்ற உத்தரவோடும் பெற்றோர் சம்மதத்தோடும் அதற்குக் கீழேயும் நடத்தலாம் என்று எழுதி, அதற்கும் ஒரு குறைந்தபட்ச வயது வைக்காமல் விட்டுவிட்டார்கள். இலங்கையில் பொதுச் சட்டப்படி 18, ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது எழுதப்படவில்லை. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைத் திருமணம் குற்றம், ஆனால் அந்தத் திருமணம் பொதுவாகச் செல்லும். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெண்தான் 20 வயதுக்குள் நீதிமன்றம் போய் ரத்துக் கேட்க வேண்டும். (வளரும் நாடுகளின் நோய் என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு ஒன்று: அமெரிக்காவில் 18க்குக் கீழே திருமணத்தை விதிவிலக்கில்லாமல் தடுத்த முதல் மாநிலம் டெலவர், அதுவும் 2018இல்தான். இங்கிலாந்தும் வேல்ஸும் 18 என்று உயர்த்தியது 2023இல்.)

சட்டத்தைக் கடுமையாக்கினால் என்ன ஆகும் என்பதை அசாமில் பார்த்தோம். 2023 பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் 3,000க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள், பல வருஷம் முந்தைய கல்யாணங்களுக்கும் சேர்த்து. சம்பாதிப்பவன் சிறைக்குப் போக, கைக்குழந்தையோடு இளம் மனைவி காவல் நிலைய வாசலில் நின்றாள். இங்கே தமிழ்நாட்டிலும் ஒரு சின்ன வடிவத்தில் இதே சங்கடம் உண்டு. 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக அரசு மருத்துவமனைக்கு வந்தால் காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் விதி. விதி இருப்பதற்கான காரணம் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தில் மாத பரிசோதனைக்கே வராமல் பிரசவ வலி வந்த பிறகு வருகிறவர்களும், வயதைக் கூட்டிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் உடம்புக்குத்தான் மருத்துவம் அதிகம் தேவை.

காசு கொடுத்தால் மாறுமா? மாறும், மாறாமலும் போகும். மேற்கு வங்கத்தில் 2013லிருந்து 'கன்யாஸ்ரீ' திட்டம் நடக்கிறது, படிக்கும் பெண்ணுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை, 18 வயது வரை கல்யாணமாகாமல் படித்துக்கொண்டிருந்தால் மொத்தமாக 25,000 ரூபாய். 2017இல் ஐக்கிய நாடுகளின் விருதுகூட வாங்கியது. ஆனால் 2015-16 ஆய்விலும் 2019-21 ஆய்விலும் மேற்கு வங்கத்தின் விகிதம் ஒரே இடத்தில், 41.6 சதவீதத்தில் நிற்கிறது. அந்த 25,000 கடைசியில் பெண்ணின் கல்யாணச் செலவுக்கே போகிறது என்ற பேச்சும் உண்டு. நம் ஊரில் 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் கொஞ்சம் தந்திரமானது. கல்யாணத்துக்குத்தான் பணம், ஆனால் பெண் எட்டாவது வரை (பிறகு பத்தாவது வரை) படித்திருக்க வேண்டும், 18 முடிந்திருக்க வேண்டும். அரசே வரதட்சணைக்குக் காசு கொடுப்பதா என்ற விமர்சனம் நியாயம்தான், இருந்தும் "பத்தாவது முடிக்கட்டும், பணம் வரும்" என்று ஒரு அப்பாவைச் சொல்லவைத்ததே, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2022இல் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப்பெண் திட்டம் ஆக்கினார்கள். பணம் கல்யாணத்தை விட்டுவிட்டுப் படிப்பின் பக்கம் நகர்ந்தது நல்ல மாற்றம். இதே ஊரில்தான் நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கிக்கொண்டு, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிப் பெண்களைச் சேர்த்தன. தன் வரதட்சணையைத் தானே நூற்கும் பெண். கல்யாணம் தள்ளிப்போனது உண்மை, என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

இந்தத் திட்டங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, கேட்டால் சிரிப்பீர்கள். வங்காளதேசத்தின் கிராமங்களில் 2000களின் பிற்பகுதியில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில கிராமங்களில் வளரிளம் பெண்களைக் கூட்டி உரிமை, உடல்நலம், படிப்பு பற்றி வகுப்பு எடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் வகுப்பெல்லாம் இல்லை, 15 முதல் 17 வயது வரை உள்ள பெண் கல்யாணமாகாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை நான்கு லிட்டர் சமையல் எண்ணெய். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 16 டாலர் அளவுக்குத்தான் வரும், எந்த வரதட்சணையையும் அது ஈடுகட்டாது. முடிவு என்னவென்றால், வகுப்பு மட்டும் நடந்த கிராமங்களில் குழந்தைத் திருமணம் குறையவில்லை. எண்ணெய் இரண்டு வருஷம் கிடைக்கும் வயதில் இருந்த பெண்களிடையே 19 சதவீதம் குறைந்தது.

இவ்வளவு சின்னத் தொகைக்கு ஏன் இவ்வளவு விளைவு என்பதற்கு ஆய்வாளர்கள் கொடுத்த விளக்கம்தான் ருசியானது. தள்ளிப்போட விரும்பிய பெற்றோர் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது அக்கம்பக்கம்: இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை என்றால் பெண் அடக்கமில்லாதவள், எதிர்த்துப் பேசுகிறவள், ஏதோ கோளாறு என்று மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொள்வார்கள், வயது ஏறுவதை அப்படித்தான் படிப்பார்கள். எண்ணெய் வந்த பிறகு அதே வயதுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. "ஏன் இன்னும் உன் மகளுக்கு முடிக்கவில்லை?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த அப்பா இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறார், யாரும் முகம் சுளிக்க முடியாத பதில். இன்னும் ஒரு வருஷம் எண்ணெய் வரும் இல்லையா, அதை ஏன் விட வேண்டும்.